கல்லும் கயிறும்

எங்கள் சாமல்பட்டியில் கல்லுக்குப் பஞ்சமே இல்லை. வீட்டுக்குக் கடைக்கால் எடுத்தால் கல். கிணறு வெட்டினால் கல். ஏர் பூட்டினால் கொழுமுனையில் கல். ஊத்தங்கரைச் சாலையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், கருங்கல் பாளத்தைச் சுமந்துகொண்டு ஒரு லாரி முக்கி முனகிப் போகும். முப்பத்து மூன்று வருஷம் சர்வேயராக வேலை பார்த்தவன் நான். கல்லை நம்பித்தான் பிழைத்தேன். சங்கிலி பிடித்து, புலப்படத்தை விரித்து வைத்து, மூலைக்கு மூலை கல் ஊன்றினால்தான் அன்றைய வேலை முடிந்ததாகக் கணக்கு. "ஊன்றின கல்லுல ஆட்டைக் கட்டாதீங்கய்யா, கல்லு ஆடிப்போயிடும்" என்று நான் சத்தம் போடாத கிராமம் இந்த வட்டாரத்தில் கிடையாது. சரி சரி என்று தலையாட்டுவார்கள். நான் வண்டியைக் கிளப்பியதும் கட்டுவார்கள்.

ஆகவே 2016 ஜனவரியில், கொச்சியிலிருந்து கப்பலேறி, லட்சத்தீவின் கல்பேனித் தீவில் கால் வைத்ததும் என் கண் தேடியது சர்வே கல்லைத்தான். என் மனைவி கடலைப் பார்த்து வாயடைத்து நின்றாள். நான் தென்னைமரத்து அடியையெல்லாம் பார்த்துக்கொண்டு நடந்தேன். வெள்ளை மணல், விழுந்து கிடக்கிற ஓலை, மட்டை. கல் இல்லை. எங்களைச் சுற்றிக்காட்ட வந்த பையனிடம் கேட்டேன். "இவிட கல்லோ?" என்று சிரித்தான். பிறகு ஏதோ நினைவு வந்தவனாகத் தீவின் கிழக்குக் கரைக்குக் கூட்டிப்போனான். அங்கே கரை நெடுக மேடு கட்டிக் கிடந்தது கல். உடைந்த பவளக்கல். குழந்தையின் விரல் போல, கைக்குழவி போல, ஆட்டுக்கொம்பு போல, வெயிலில் காய்ந்து சாம்பல் நிறமாகி, மிதித்தால் சில்லுச்சில்லாக ஒலி எழுப்பிக்கொண்டு.

"1847-ல கொடுங்காற்று அடிச்சு, கடல் கொண்டுவந்து போட்டது சார்" என்றான்.

அந்த மேட்டில் உட்கார்ந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. இந்தத் தீவும் எங்கள் ஊரும் ஒரு காலத்தில் ஒரே சர்க்கார் கச்சேரியின் பிள்ளைகள். ஊருக்குத் திரும்பிப் படிக்கப் படிக்க அந்தப் பிணைப்பு இறுகிக்கொண்டே வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

*

முதலில் நில அளவை. பழக்கதோஷம்.

லட்சத்தீவு முழுவதையும் சேர்த்தால் 32 சதுர கிலோமீட்டர். எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம் ஐயாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். நூற்றைம்பது லட்சத்தீவுகளை எங்கள் மாவட்டத்துக்குள் போட்டு மூடிவிடலாம். பெயரில் லட்சம் இருந்தாலும் எண்ணிக்கையில் 36 தீவுகள், அதில் 10 தீவுகளில்தான் ஜனங்கள். 2011 கணக்கெடுப்பில் மொத்தம் 64 ஆயிரத்துச் சொச்சம் பேர். மக்கள் வாழ்கிற தீவுகளில் பெரியது ஆந்த்ரோத், ஐந்து சதுர கிலோமீட்டர்கூட இல்லை. சிறியது பித்ரா. பத்து ஹெக்டேர், அதாவது இருபத்தைந்து ஏக்கர். எங்கள் பக்கம் ஒரு நடுத்தர மாந்தோப்பு. அதில் 2011-ல் 271 பேர் குடியிருந்தார்கள். கல்பேனி மூன்று சதுர கிலோமீட்டருக்குக் குறைவு, நாலாயிரத்துச் சொச்சம் பேர்.

கேரளக் கரையிலிருந்து 220 முதல் 440 கிலோமீட்டர் தள்ளி, கடலுக்கு மேல் ஓரிரு மீட்டர் தலையைத் தூக்கி நிற்கிற மணல் திட்டுகள் இவை. அடியில் பவளப்பாறை. ஒருபக்கம் காயல் என்று அவர்கள் சொல்லுகிற அமைதியான ஆழமில்லாத நீர், மறுபக்கம் திறந்த கடல். அரிசி விளையாது. ஆறு கிடையாது. மணலைக் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர் வரும். அது உப்புத்தண்ணீரின் மேல் ஏடுபோல் மிதக்கிற மழைநீர். அளவாக மொண்டால் இனிக்கும், ஆசைப்பட்டு இறைத்தால் கரிக்கும். எங்கள் ஊரிலோ ஆயிரம் அடி போர் போட்டால் வருகிற தண்ணீரில் ஃபுளோரைடு, பல்லெல்லாம் பழுப்பு. தவிப்பு ஒன்றுதான், காரணம் வேறு. எங்களுக்கு 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்தது. அவர்களுக்கு அதற்கு முன்பே, 2005-ல், சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கிற தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அமைத்துக் கொடுத்தது. கடலின் மேல்மட்டத்துச் சூட்டுக்கும் ஆழத்துக் குளிருக்கும் உள்ள வேறுபாட்டை வைத்தே நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் இறக்குகிற ஆலை.

விளைவது தேங்காய். பிடிபடுவது சூரை மீன். தெற்கே தனியாக நிற்கிற மினிக்காய்க்காரர்கள் உயிரோடு பிடித்த பொடிமீனைப் படகுக்குள்ளேயே தண்ணீரில் வைத்திருந்து, சூரைக் கூட்டத்தைக் கண்டதும் வாரி இறைத்து, தூண்டிற்கழியால் ஒவ்வொன்றாகத் தூக்கி எறிகிறார்கள். அந்த மீனை வேகவைத்து, புகையிட்டு, வெயிலில் கட்டைபோல் காயவைத்தால் அதுதான் மாசி. ஈழத்துத் தமிழர் சமையலில் தேங்காயோடு சேர்ந்து மணக்கிற அதே மாசி.

*

இப்போது கச்சேரிக்கு வருகிறேன்.

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம், ஊத்தங்கரைச் சீமைக்கு அந்நாளில் பாராமகால் என்று பெயர். ஹைதர் கையிலும் திப்பு கையிலும் இருந்த சீமை. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு தன் ராஜ்ஜியத்தில் பாதியை இழந்தபோது பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. அதே உடன்படிக்கையில் மலபாரும் போனது. மலபாரில் கண்ணனூர். கண்ணனூரில் அரக்கல் அரண்மனை. அரக்கல் பீவியின் ஆளுகையில் கவரத்தி, அகத்தி, ஆந்த்ரோத், கல்பேனி, மினிக்காய். கேரளத்தின் ஒரே முஸ்லிம் அரச குடும்பம் அது. அங்கே மூத்தவர் யாரோ அவருக்குத்தான் பட்டம், பெண்ணானால் பீவி. 1796-ல் ஏற்பட்ட ஏற்பாட்டின்படி பீவி ஆண்டுக்கு 15,000 ரூபாய் கம்பெனிக்குக் கட்டவேண்டும். தீவு வியாபாரம் அந்தக் கணக்கில் சேர்த்தி.

வடக்கே இருந்த அமினி, கட்மத், கில்தான், செத்லத், பித்ரா ஆகிய தீவுகளின் கதை வேறு. அரக்கலின் கெடுபிடி தாங்காமல் அந்த ஜனங்கள் 1780-களில் மங்களூர்ப் பக்கம் போய்த் திப்புவிடமே முறையிட்டார்கள். தீவுகள் திப்புவிடம் சேர்ந்தன. 1799-ல் திப்பு விழுந்ததும் அவை நேராகக் கம்பெனியிடம் வந்து, கன்னட மாவட்டக் கச்சேரியோடு ஒட்டிக்கொண்டன.

அந்தக் கன்னட மாவட்டத்துக்கு 1799-ல் முதல் கலெக்டராக வந்தவர் யார் தெரியுமா? தாமஸ் மன்றோ. அதற்கு முன் ஏழு வருஷம் அவர் இருந்தது எங்கள் பாராமகாலில். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைமையில், தருமபுரியில் தங்கி, வயல் வயலாக அளந்து ரயத்துவாரி என்கிற முறைக்கு அடிபோட்ட கூட்டத்தில் ஒருவர். இவர்கள் சிவிலியன்கள்கூட இல்லை, பட்டாளத்துக்காரர்கள். ஊர்ப் பாஷை தெரிந்தவர்கள் என்று கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் இவர்களைப் பொறுக்கிப் போட்டார். சர்வேயர் உத்தியோகத்தில் சேர்ந்தவன் எவனும் அந்த மனிதர்களை மறக்கமுடியாது. நான் பிடித்த சங்கிலியின் முதல் வளையம் அவர்கள் போட்டது.

ரயத்துவாரி என்றால் விவசாயிக்கு நிம்மதி வந்தது என்று எண்ணவேண்டாம். நடுவில் இருந்தவனை விலக்கிவிட்டு, சர்க்கார் நேராக வாசலுக்கு வந்தது, அவ்வளவுதான். பாராமகாலில் அதுவும் நிலைக்கவில்லை. புதிய நூற்றாண்டு பிறந்ததும் சீமையை மிட்டா மிட்டாவாக, அதாவது சிறு ஜமீன்களாக, வெட்டி ஏலம் விட்டார்கள். மிட்டாதார்கள் பலர் கிஸ்தி கட்டமுடியாமல் கவிழ்ந்தார்கள். மிட்டா கவிழ்ந்த இடங்களில் ரயத்துவாரி திரும்பி வந்தது. ஆனாலும் ஒரு காரியம் நடந்தது. அரசுக்கு வேண்டியது நிலத்தின் தீர்வை. அதை வாங்க நிலத்தை அளந்தாகவேண்டும், உடையவன் பெயரை எழுதியாகவேண்டும். இந்த வயல் இன்னாருடையது, இத்தனை குழி, கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே ஓடை. இப்படிப் பெயரும் எல்லையும் காகிதத்தில் ஏறின.

தீவுகளில் அப்படி ஏறவில்லை. அங்கே அரசுக்கு வேண்டியது வேறு.

*

கயிறு.

1760-களில் அரக்கல் ஆட்சி கயிற்றுக்கு ஏகபோகம் போட்டது. தீவில் திரிக்கிற கயிற்றை அரண்மனைக்குத்தான் கொடுக்கவேண்டும், அரண்மனை வைத்த விலைக்கு. விலையில் பெரும்பங்கு அரிசியாகக் கிடைக்கும். அரிசி விளையாத ஊரில் அரிசி கொடுப்பவன் கையில்தான் தராசு. அமினித் தீவுகள் அரக்கலிடமிருந்து திப்புவுக்கும், திப்புவிடமிருந்து கம்பெனிக்கும் மாறின. தராசு மட்டும் மாறவில்லை. கண்ணனூருக்குப் பதில் மங்களூரில் நிறுத்தார்கள். எங்கள் ஊர்போல வயலுக்கு வயல் தீர்வை அங்கே இல்லை. கயிறே தீர்வை. ஏகபோகம் இருபதாம் நூற்றாண்டிலும் நீண்டது.

கயிறு எனக்குப் புதிதில்லை. என் அம்மா கயிறு திரித்தவள். அரசம்பட்டி, போச்சம்பள்ளிப் பக்கம் தென்னை அதிகம். அங்கிருந்து மட்டை வண்டி வரும். ஏரிக் கோடியில் சேற்றைத் தோண்டி மட்டையைப் புதைத்து மேலே எங்கள் ஊர்க் கல்லைப் பாரமாக வைப்பாள். மாதக்கணக்கில் ஊறவேண்டும். எடுக்கிற அன்று தெருவே மூக்கைப் பிடித்துக்கொள்ளும். கட்டையால் அடித்து, சோற்றை உதறி, நாரைப் பிரித்து வெயிலில் போடுவாள். பிறகு திண்ணை ஓரம் காலை நீட்டி உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே நாரை வைத்து உருட்டுவாள். ஒரு புரி, மறு புரி, இரண்டும் எதிர்முறுக்கில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கயிறாக ஓடும். நார் தீரப்போகிற இடத்தில் புது நாரைச் செருகுகிற அந்தக் கணத்தை நான் பலமுறை உற்றுப் பார்த்திருக்கிறேன். எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அவள் திரித்த கயிற்றைச் சேர்த்து முறுக்கித்தான் எங்கள் கவலைக் கிணற்றுக்கு வடம். மாடு பின்னுக்கு நடந்து முன்னுக்கு ஓட, சால் தண்ணீரோடு ஏறிவரும். மீதிக் கயிற்றை அப்பா போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தைக்குக் கொண்டுபோவார். அங்கே ஒரு வியாபாரி எப்போதும், "ஈரம் இருக்குது" என்று நிறையில் கழிப்பான். வீட்டில் அம்மா கேட்பாள்: "நாலு நாள் வெயில்ல கிடந்த கயித்துல ஏதுங்க ஈரம்?" அப்பாவிடம் பதில் இருக்காது.

தீவிலும் இதே வேலைதான், இதே போலப் பெண்களின் வேலை. ஏரிச் சேற்றுக்குப் பதில் காயல் ஓரத்து மணல் குழி. தெளிந்த உப்புநீரில் ஊறுவதால் நார் வெளுப்பாக வரும். நூல்போல் மெல்லிசாகத் திரித்த தீவுக்கயிற்றுக்கு மேற்குக் கரையில் தனி மதிப்பு. அவர்களுடைய ஓடங்களுக்குப் பலகையோடு பலகை சேர்க்க ஆணியில்லை, கயிற்றால் தைத்தார்கள். அந்த ஓடத்தில்தான் மழைக்காலம் ஓய்ந்ததும் பெண்கள் திரித்த கயிற்றை ஏற்றிக்கொண்டு ஆண்கள் கரைக்குப் புறப்படுவார்கள். போகிற சரக்கும் கயிறு, கொண்டுபோகிற ஓடத்தின் தையலும் கயிறு. திரும்பி வருவது அரிசி. பருவம் தவறினால் தீவு பட்டினி. தென்னையில் எலி ஏறிக் குரும்பையைத் தின்றால் கயிறும் போயிற்று, அரிசியும் போயிற்று. அதனால் ஊரிலுள்ள ஆண்கள் எல்லாரும் சேர்ந்து எலி வேட்டைக்குப் போகவேண்டும் என்பதுகூட அங்கே நிர்வாகக் காரியமாக இருந்தது.

*

கல்பேனி மேட்டுக்கு வருகிறேன்.

1847-ல் அடித்த அந்தக் கொடுங்காற்று கல்பேனியையும் ஆந்த்ரோத்தையும் துடைத்துப்போட்டது. தென்னை விழுந்தால் மறுபடி காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்பது எங்கள் போச்சம்பள்ளிக்காரர்களைக் கேட்டால் தெரியும். சேதத்தைப் பார்க்கக் கம்பெனி சார்பில் வில்லியம் ராபின்சன் என்ற அதிகாரி போனார். தீவுகளைப் பற்றி 1848-ல் ஒரு விரிவான அறிக்கை எழுதினார். நிவாரணத்துக்குக் கம்பெனி பணம் கொடுத்தது. தானமாக இல்லை, கடனாக. தீவில் மரம் இல்லை, மரம் இல்லாததால் மட்டை இல்லை, மட்டை இல்லாததால் கயிறு இல்லை, கயிறு இல்லாததால் அரக்கலுக்கு வருமானம் இல்லை. வட்டியோ காற்றடித்தாலும் சாயாத பயிர். பாக்கி ஏற ஏற, 1854-ல் கம்பெனி தீவுகளின் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. இடையில் சிலகாலம் திருப்பிக் கொடுத்தார்கள். 1875-ல் பாக்கிக்காக மறுபடியும் எடுத்துக்கொண்டது பிரிட்டிஷ் அரசு. பிறகு விடவேயில்லை. கடைசியில் 1908-ல் அரக்கல் பீவி தீவுகள் மீதிருந்த உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டார். பதிலுக்கு ஆண்டுக்கு 23,000 ரூபாய் மாலிகானா, அதாவது உரிமையை விட்டதற்கான படி.

ஊரில் ஜப்தி பார்த்தவர்களுக்கு இது புரியும். பஞ்சத்தில் வாங்கின கடனுக்கு நிலம் போகிற கதையை நான் பத்திரங்களில் எத்தனையோ படித்திருக்கிறேன். இங்கே நிலத்துக்குப் பதில் ஒரு ராஜ்ஜியம் போயிற்று. நான் உட்கார்ந்திருந்த அந்தப் பவளக்கல் மேடுதான் அதற்கு எல்லைக்கல். இந்தப்பக்கம் அரக்கல், அந்தப்பக்கம் கம்பெனி. ஊன்றியது கடல்.

பழைய ஏடுகளில் இந்தத் தீவுகளின் நிர்வாகத்தைப் படிக்கும்போது என்னைச் சிரிக்கவைத்தது சொற்கள்தான். அமினித் தீவுகளில் சர்க்கார் வைத்த அதிகாரிக்குப் பெயர் மணியக்காரர்! மற்றத் தீவுகளில் அமீன், அவருக்குக் கீழே கணக்கெழுதக் கரணி. அரக்கலுக்குச் சொந்தமாக இருந்த நிலத்துக்குப் பண்டாரம், அதைக் குத்தகைக்கு எடுத்தவன் கவுல்தார். எல்லாம் எங்கள் தாலுகாக் கச்சேரியில் செல்லரித்துக் கிடக்கிற சொற்கள். நான் வேலைக்குச் சேர்ந்த 1980-ல்தான் தமிழ்நாட்டில் பரம்பரை மணியக்காரரும் கர்ணமும் ஒழிக்கப்பட்டார்கள். நடுக்கடலில் இருந்த மணியக்காரருக்கும் சாமல்பட்டிப் பக்கத்து மணியக்காரருக்கும் மேலே ஒரே புனித ஜார்ஜ் கோட்டை. 1912-ல் சென்னை அரசு தீவுகளுக்கென்று தனி ஒழுங்குவிதி ஒன்றும் இயற்றியது.

சுதந்திரத்துக்குப் பிறகும் அப்படியே. அமினித் தீவுகள் தென்கன்னட மாவட்டத்தில், மற்றவை மலபார் மாவட்டத்தில், இரண்டும் சென்னை மாகாணத்தில். காமராஜர் 1954-ல் முதலமைச்சரானபோது கவரத்திக்கும் அவர்தான் முதலமைச்சர். நான் 1955-ல் பிறந்தேன். ஆக, ஒரு வயசுவரைக்கும் கல்பேனிக் குழந்தைகளும் நானும் ஒரே மாநிலத்துப் பிரஜைகள்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்களைப் பிரித்தார்கள். தீவுகள் யாருக்கும் போகாமல் மத்திய அரசின் நேரடி ஆட்சிப் பகுதியாயின. தலைநகரம் எங்கே? கோழிக்கோட்டில்! தீவை ஆள்கிற கச்சேரி தீவில் இல்லாமல் எட்டு வருஷம் ஓடியது. முர்கோத் ராமுண்ணி நிர்வாகியாக இருந்த காலத்தில், 1964-ல்தான் அது கவரத்திக்குப் போனது. லட்சத்தீவு என்ற பெயர் 1973 நவம்பர் 1-ல் வந்தது.

இன்றைக்கும் அங்கே சட்டமன்றம் கிடையாது. குடியரசுத் தலைவர் நியமிக்கிற நிர்வாகி, ஊராட்சிகள், மாவட்ட ஊராட்சி. வழக்குக்குக் கேரள உயர்நீதிமன்றம். மக்களவைக்கு ஒரே உறுப்பினர். ஐம்பதாயிரத்துச் சொச்சம் வாக்காளர்கள்தான். நாட்டிலேயே சிறிய தொகுதி. அங்கே பி.எம். சயீத் 1967-லிருந்து தொடர்ந்து பத்து முறை ஜெயித்து, 2004 வரை அசைக்கமுடியாமல் உட்கார்ந்திருந்தார். மினிக்காய்க்குப் போனால் அரசியலே வேறு மாதிரி. மஹல் என்ற தனி மொழி, 1885-ல் கட்டின கலங்கரை விளக்கம், ஊர்ப் பிரிவு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆண் தலைவர், ஒரு பெண் தலைவி.

*

சர்வேயர் புத்திக்கு ஒரு கேள்வி மிச்சமிருந்தது. கல் ஊன்றாத ஊரில் சொத்தை எப்படிப் பிரித்துக்கொண்டார்கள்?

தீவில் சொத்து இரண்டு வகை. வெள்ளிக்கிழமைச் சொத்து, திங்கட்கிழமைச் சொத்து. வெள்ளிக்கிழமைச் சொத்து தறவாட்டுச் சொத்து. அம்மா வழியில் பெண்மக்கள் மூலமாகவே இறங்கும், பாகம் பிரிக்கமாட்டார்கள். திங்கட்கிழமைச் சொத்து தானாகச் சம்பாதித்தது. அதை விருப்பப்படி கொடுக்கலாம். இதற்கு எந்த அரசும் பட்டா தரவில்லை. ஊர் நினைவில் இருந்தது, மரத்துக்கு மரம் தெரிந்திருந்தது. முறையான நில வருவாய், குத்தகை ஒழுங்குவிதி அங்கே வந்தது 1965-ல். எங்களுக்கு ரீட் வந்து 173 வருஷம் கழித்து. பண்டார நிலத்தில் கவுல்தாருக்கு உரிமை உண்டா இல்லையா என்கிற தகராறு அதற்குப் பிறகும் ஓய்ந்தபாடில்லை. 2021-ல் வளர்ச்சி ஆணையம் அமைத்து நிலமெடுக்க வழிசெய்கிற வரைவு விதி ஒன்று வந்தபோது தீவு முழுவதும் கொதித்தது. கேரளச் சட்டமன்றமே தீர்மானம் போட்டது. செய்தியைப் படித்தபோது எனக்கு வியப்பாக இல்லை. இருநூறு வருஷம் கயிற்றை மட்டும் நிறுத்துப் பார்த்த சர்க்கார் திடீரென்று நிலத்தைப் பார்க்கத் தொடங்கினால், நிலத்தில் இருப்பவனுக்கு வயிறு கலங்காதா?

என் வேலையில் நான் கற்றது இதுதான். அரசாங்கம் எதை எடுத்துக்கொள்கிறதோ அதைத்தான் அதன் கண் பார்க்கும். பாராமகாலில் நிலத்தீர்வை எடுத்தது, ஆகவே நிலத்தைப் பார்த்தது, உடையவன் பெயரை எழுதியது. தீவில் கயிற்றை எடுத்தது, ஆகவே தராசைப் பார்த்தது. தராசின் முள் திரித்தவளைக் காட்டாது. ஆனால் இங்கே மட்டும் என்ன வாழ்ந்தது? நிலத்தை அளந்த கணக்கிலும் கிணற்றுக்கு வடம் திரித்தவள் இல்லை. எங்கள் மூன்று ஏக்கருக்கும் பட்டா அப்பா பெயரில். 1980-களில் யு.டி.ஆர். திட்டத்தில் ஊர் ஊராகப் பட்டாவைப் புதுப்பித்தபோது நானே எத்தனையோ பெயர்களை எழுதியிருக்கிறேன். நூற்றுக்குத் தொண்ணூறு ஆண் பெயர். அப்பா இறந்து வாரிசுப்படி பட்டா மாறியபோதுதான் அம்மாவின் பெயர் முதல்முறையாக ஓர் அரசாங்கக் காகிதத்தில் நிலத்தோடு ஏறியது. அப்போது அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது. "இதுக்கு இவ்வளவு நாளா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலைப் பெட்டியை இழுத்துக்கொண்டாள்.

கல்பேனியில் ஒரு வீட்டு வாசலில் வயசான அம்மா ஒருத்தி கயிறு திரித்துக்கொண்டிருந்தாள். தலைத்துணி, காதோரம் வரிசையாக வளையம். நான் நின்றுவிட்டேன். அதே உட்காரல், அதே உள்ளங்கை உருட்டல், நார் தீருமிடத்தில் அதே செருகல். அந்த வீடு அவளுடைய அம்மா வழியில் வந்தது என்று பையன் சொன்னான். வெள்ளிக்கிழமைச் சொத்து. வீடு அவளுடையது, அவள் பாட்டி திரித்த கயிறு மட்டும்தான் சர்க்காருடையதாக இருந்திருக்கிறது. அவள் என் மனைவியைப் பார்த்து, "நிங்களுடெ நாட்டில் கடலில்லே?" என்று கேட்டாள்.

"கடலா? மழையே இல்லம்மா" என்றாள் என் மனைவி.

இருவரும் சிரித்துக்கொண்டார்கள். பேசி முடித்ததும் ஒரு சுருணைக் கயிற்றை எடுத்து என் மனைவி கையில் வைத்தாள். காசு கொடுத்தோம். எண்ணிப் பார்க்காமல் மடியில் செருகிக்கொண்டாள். நிறுக்கவில்லை.

கப்பல், கொச்சி, எர்ணாகுளம் ரயில், சேலம். எங்கள் ஊர் வழியாகப் போகிற தண்டவாளம், சென்னையிலிருந்து அரபிக்கடலுக்குப் போட்ட முதல் தண்டவாளம் என்பதை அந்தப் பயணத்துக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1860-களின் தொடக்கத்திலேயே கோழிக்கோட்டுக்குப் பக்கத்துப் பேப்பூர் வரை ஓடியது. சின்ன வயசில் நள்ளிரவில் மங்களூர் மெயில் கடக்கிற சத்தம் கேட்டால்தான் அம்மா திரிப்பதை நிறுத்திவிட்டுப் படுப்பாள். அந்த வண்டி எந்தக் கடலுக்குப் போகிறது என்று அவளும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை.

அம்மா போய்ச் சில வருஷம் ஆயிற்று. கவலை போய் மோட்டார் வந்ததும் வடத்துக்கு வேலையில்லை, பரண்மேல் கிடக்கிறது. தீவுக்கயிற்றை அதன் பக்கத்தில் வைத்துப் பத்திரப்படுத்தவேண்டும் என்று நினைத்திருந்தேன். போன மாசம் காட்டுப்பக்கம் போனால், எங்கள் நிலத்தின் ஈசானிய மூலையில், நானே சங்கிலி பிடித்து ஊன்றிய கல்லில் ஓர் ஆடு. கழுத்தில் வெளுத்த மெல்லிசுக் கயிறு.

மனைவியை ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தேன். ஆடவில்லை. கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.